கை எடுத்த பிறகும் நகரும் ட்ரோன்

பழைய ரேடியோக்களுக்கு ஒரு நோய் உண்டு. வால்யூம் குமிழைத் திருகும்போது பாட்டுக்கு நடுவே ‘கரகர’வென்று சத்தம் வரும். குறிப்பிட்ட ஓர் இடத்தில் ஒலி திடீரென்று எகிறும்; மயிரிழை தள்ளினால் அடங்கிப்போகும். வீட்டில் யாராவது குமிழை நாலைந்து முறை வேகமாக இப்படியும் அப்படியும் சுழற்றுவார்கள். சரியாகிவிடும். கொஞ்ச நாளில் மறுபடியும் வரும். ஏன் வந்தது, எப்படிப் போனது என்று யாரும் பெரிதாக விசாரித்ததில்லை.

அதே நோய் இன்றைக்கு மருந்து தெளிக்கும் ட்ரோனின் ரிமோட்டுக்கும் வருகிறது. பரமத்தி வேலூர், மோகனூர்ப் பக்கம் ஆளுயரத்தைத் தாண்டி வளர்ந்த கரும்புக்குள் முதுகில் தெளிப்பானைச் சுமந்துகொண்டு நுழைவது பெரும்பாடு. ட்ரோன் அங்கே பிழைத்துக்கொண்டதற்குக் காரணமே அதுதான். வரப்பில் நிற்பவர் இரண்டு ஸ்டிக்குகளிலிருந்தும் விரலை எடுத்துவிட்டால் ட்ரோன் அந்தரத்தில் நிற்க வேண்டும். ஆனால் அது அவசரமே இல்லாமல் இடப்பக்கமாக நகர்ந்துகொண்டே போகிறது. ரேடியோவில் வெறும் எரிச்சலாக இருந்தது இங்கே ஆபத்து. பத்து லிட்டர் மருந்தோடு எழும்பும் ட்ரோனின் மொத்த எடை 25 கிலோவை நெருங்கும். அதன் விசிறிகள் வெட்டினால் எலும்பு வரை போகும்.

இரண்டு நோய்க்கும் ஒரே உறுப்புதான் காரணம். எலக்ட்ரானிக்ஸ் கடையில் அதைச் சுருக்கமாக ‘பாட்’ என்பார்கள். தமிழில் மாறுமின்தடை எனலாம். குதிரை லாடம் போல வளைந்த ஒரு கரித்தடம், அதன் மேல் உரசியபடி நகரும் ஓர் உலோகத் தொடுமுனை, அவ்வளவுதான். தடத்தின் ஒரு முனையில் மின்னழுத்தம் பூச்சியம், மறுமுனையில் பெரும்பாலும் 3.3 வோல்ட். தொடுமுனை எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடத்தின் மின்னழுத்தம் அதில் கிடைக்கும். நட்டநடுவில் நின்றால் 1.65 வோல்ட். ஒவ்வொரு ஸ்டிக்குக்கும் அடியில் இப்படி இரண்டு: மேல்–கீழ் அசைவுக்கு ஒன்று, இடம்–வலம் அசைவுக்கு ஒன்று.

விரல் எவ்வளவு தள்ளியது என்பது இப்போது மின்னழுத்தமாகிவிட்டது. அடுத்து ரிமோட்டுக்குள் இருக்கும் சிறு கணினி அதை எண்ணாக்குகிறது. பரவலாக உள்ள ரிமோட்டுகள் 3.3 வோல்ட்டை 4096 படிகளாகப் பிரிக்கின்றன. அதாவது ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான மாற்றத்தைக்கூட அது கவனிக்கும். கடைசியில் திரையில் காட்டுவது 1000 முதல் 2000 வரையிலான ஓர் எண், நடு 1500. பொம்மை விமானங்களின் காலத்தில் மோட்டாருக்கு அனுப்பிய துடிப்பின் நீளத்தை மைக்ரோவினாடியில் சொன்ன கணக்கு இது. துடிப்பு போய்விட்டது, கணக்கு மட்டும் வழக்கத்தில் நின்றுவிட்டது.

கரித்தடம் எங்கே தேயும்? ஸ்டிக்கை விட்டதும் ஸ்பிரிங் அதை நடுவுக்கு இழுக்கிறது. பறக்கும் நேரத்தில் பெரும்பகுதி விரல்கள் நடுப்புள்ளியைச் சுற்றியே சின்னச்சின்னதாகத் திருத்திக்கொண்டிருக்கின்றன. ஆகவே தொடுமுனை தடத்தின் ஒரே துளி இடத்தைத்தான் ஆயிரக்கணக்கான முறை உரசுகிறது. உதிர்ந்த கரித்தூள் அங்கேயே குவிகிறது. சேலம்–நாமக்கல் சமவெளியின் கோடைப் புழுதி ஸ்டிக்கின் இடுக்கு வழியாக அதோடு சேர்கிறது. மருந்து கலந்த கையோடு ரிமோட்டைத் தொடுவது மூன்றாவது காரணம்: உப்புத்தன்மை உள்ள ஈரம் செம்பு பட்ட இடத்தில் பச்சைக் களிம்பு பிடிக்கும். தொடுமுனை இப்போது தடத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது, மின்னழுத்தம் துள்ளுகிறது. ரேடியோவில் அந்தத் துள்ளல் ஸ்பீக்கருக்குப் போனதால் காதுக்குக் கேட்டது. இங்கே மோட்டாருக்குப் போகிறது. குமிழை வேகமாகச் சுழற்றினால் ரேடியோ சரியானதற்கும் இதுவே விளக்கம்: தூள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டது, வெளியே போகவில்லை.

வயலில் மட்டும் நடப்பதில்லை இது. நின்டெண்டோ நிறுவனம் 2017இல் வெளியிட்ட ‘ஸ்விட்ச்’ விளையாட்டுக் கருவியின் ஸ்டிக்குகள் தாமாக நகர்வதாகப் புகார்கள் குவிந்து, 2019இல் அமெரிக்காவில் வழக்கே தொடுக்கப்பட்டது. அங்கும் உரசலும் தேய்மானமும்தான் பேசப்பட்டன.

ஆனால் ட்ரோன் தானாக நகர்ந்தாலே ரிமோட்டைக் குற்றம் சொல்லிவிட முடியாது. காற்று தள்ளலாம். ட்ரோனின் சாய்வு உணரி பிசகியிருக்கலாம். செயற்கைக்கோள் வழி இடமறிதல் தடுமாறலாம். மூடியைக் கழற்றும் முன் எது குற்றவாளி என்று தெரிய வேண்டும். அதற்கு எந்தக் கருவியும் தேவையில்லாத ஒரு சோதனை உண்டு.

ஆள் நடமாட்டமில்லாத திறந்த வெளியில், டேங்க் காலியாக, ட்ரோனை அந்தரத்தில் நிறுத்தி அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க வேண்டும். கிழக்கே போகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது ட்ரோனின் மூக்கை எதிர்த்திசைக்குத் திருப்பினால்? இன்னமும் கிழக்கேதான் போகிறது என்றால் குற்றவாளி காற்று, அல்லது இடமறிதல்; அவற்றுக்கு ட்ரோனின் மூக்கு எந்தப் பக்கம் என்ற கவலை கிடையாது. திருப்பியதும் மேற்கே போகத் தொடங்கினால், நகர்வு ட்ரோனின் உடலோடு சேர்ந்து திரும்பியிருக்கிறது. அதாவது ‘உன் இடப்பக்கம் போ’ என்று யாரோ சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சொல்வது ரிமோட்டா, ட்ரோனின் உணரியா?

அதை முடிவுசெய்யப் பறக்கவே வேண்டாம். விசிறிகளைக் கழற்றி வைத்துவிட்டு, ரிமோட்டிலோ அதோடு இணைந்த செயலியிலோ ஒவ்வொரு சேனலின் எண்ணையும் காட்டும் பக்கத்தைத் திறக்கலாம். கையை எடுத்த நிலையில் எண் 1500இல் அசையாமல் நின்றால் ரிமோட் நிரபராதி. எண் துடித்தால், அல்லது விலகி நின்றால், கோளாறு விரலுக்கும் அந்தத் திரைக்கும் நடுவில்தான் இருக்கிறது. விரல், ஸ்டிக், பாட், எண்ணாக்கி, ரேடியோ, காற்றுவெளி, ஏற்பி, பறத்தல் கணினி, மோட்டார் என்று நீளும் சங்கிலியை நடுவில் வெட்டி, நோய் எந்தப் பாதியில் என்று பார்க்கிற முறை இது. பிறகு அந்தப் பாதியை மறுபடியும் பாதியாக்கலாம். நல்ல மெக்கானிக்குகள் பெயர் வைக்காமலே செய்துவருவது இதுதான். மோசமானவர்கள் கையில் கிடைத்த உறுப்பை மாற்றிப் பார்ப்பார்கள்.

இன்னும் ஒரு படி நெருங்கலாம். ஸ்டிக்கை இடக்கோடிக்குத் தள்ளி மெதுவாக விட்டு, எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு வலக்கோடிக்குத் தள்ளி விட்டு, அந்த எண்ணையும். இரண்டு முறையும் 1512 என்று வந்தால் பயமில்லை. தடம் நன்றாக இருக்கிறது, நடு எங்கே என்பதுதான் ரிமோட்டுக்கு மறந்துபோயிருக்கிறது. மெனுவிலேயே இருக்கும் ‘கேலிபரேஷன்’ போதும், திருப்புளியே வேண்டாம். ஆனால் இடமிருந்து வந்தால் 1485, வலமிருந்து வந்தால் 1520 என்றால் ‘நடு’ என்று ஒரே எண் இல்லவே இல்லை. எத்தனை முறை கேலிபரேஷன் செய்தாலும் நிற்காது. வயலில் பலர் ‘ட்ரிம்’ பொத்தானைத் தட்டித்தட்டிச் சமாளிப்பதும் இதனால்தான் பலிப்பதில்லை. ட்ரிம் ஒரு நிலையான விலகலைத்தான் ஈடுகட்டும், மாறிக்கொண்டே இருக்கும் விலகலை அல்ல.

அந்த இரண்டாவது ரகம் என்றால் மூடியைக் கழற்றியாக வேண்டும். வாரண்டிப் பேச்சு இங்கேதான் வருகிறது.

மத்திய அரசு 2023 நவம்பரில் ஒப்புதல் அளித்த ‘நமோ ட்ரோன் தீதி’ திட்டம் 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு ட்ரோன் தருவதற்கானது. விலையில் 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் மானியம். அந்தத் தொகுப்பில் ஓராண்டுக்கு நேரில் வந்து பழுது பார்க்கும் வாரண்டியும் அடக்கம். அப்படியொரு வாரண்டி கையில் இருக்கும்போது ஸ்டிக்கர் ஒட்டிய திருகைத் திறப்பது புத்திசாலித்தனமாகாது. இலவசமாக மாற்றித்தர வேண்டியதைத் தர மறுக்க நிறுவனத்துக்கு ஒரு சாக்குக் கிடைத்துவிடும். அதே திட்டத்தில் அதிகம் பேசப்படாத இன்னொரு பகுதியும் உண்டு. குழுவில் ஒருவருக்கு ட்ரோன் ஓட்டப் பயிற்சி என்றால், மின் சாதனப் பழுது, பொருத்தும் வேலை இவற்றில் ஆர்வமுள்ள இன்னொருவருக்கு ட்ரோன் உதவியாளர் பயிற்சி. ஆக, ஊரிலேயே பழுது பார்க்க ஒரு கை வேண்டும் என்பது டெல்லிக்கும் தெரிந்தே இருக்கிறது.

வாரண்டி முடிந்த பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. உதிரிபாகம் கிடைக்காது, வரைபடம் கிடைக்காது, ‘முழு ரிமோட்டையும் மாற்றுங்கள்’ என்ற பதில் மட்டும் கிடைக்கும். இதை எதிர்கொள்ளத்தான் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ‘பழுதுபார்க்கும் உரிமை’ குறித்து ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று அதற்கான இணையவாசலும் திறக்கப்பட்டது. அது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வேளாண் கருவிகளும் ஒன்று. இன்னொரு பக்கம், 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது உதிரிபாகங்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. பாட், ஸ்டிக் தொகுதி, ஆன்டெனா போன்றவை சந்தையில் கிடைக்க அதுவும் ஒரு காரணம்.

நாமக்கல் பகுதியில் ‘மூடியைத் திறக்காதே’ என்று யாரிடமும் சொல்லிப் பயனில்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வடமாநிலங்களிலும் ஆப்பிரிக்காவிலும்கூட ஆழ்துளைக் கிணறு தோண்டுகின்றன. நடுக்காட்டில் பழுதானால் சர்வீஸ் சென்டரைத் தேடிக்கொண்டா இருக்க முடியும்? நாமக்கல்லில் லாரிக்கு உடலையே கட்டிவிடுகிறார்கள். அந்தக் கைத்திறன் பெரிய சொத்து. ஆனால் எஞ்சின் கோளாறு காதுக்குக் கேட்கும், கைக்குச் சுடும், மூக்குக்கு வாசம் அடிக்கும். ரிமோட்டுக்குள் இருப்பதில் பாதி புலன்களுக்கு எட்டாதது. எட்டுகிற பாதி எது, எட்டாத பாதி எது என்று பிரித்துக்கொள்வதில்தான் இந்த வேலையின் சூட்சுமம் இருக்கிறது.

எட்டுகிற பாதியில் அசைகிற உறுப்புகளெல்லாம் அடங்கும்: ஸ்டிக், சுவிட்ச், சார்ஜ் செருகி, பேட்டரி இணைப்பு. ரிமோட்டுகள் கெடும் இடங்களும் பெரும்பாலும் இவையே, ஏனென்றால் தேய்மானம் அசைவோடு வருவது. முதலில் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். அது உப்பியிருந்தால் வேலையை அங்கேயே நிறுத்த வேண்டும். உப்பிய லித்தியம் பேட்டரியைக் குத்துவதும் அழுத்துவதும் தீயில் முடியும். பாட்டுக்குக் கடைகளில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரோ, கைப்பேசிக் கடைக்காரர்கள் பயன்படுத்தும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலோ ஒரு துளி போதும். விட்டு, ஸ்டிக்கைப் பலமுறை சுழற்றி, முழுவதும் உலர விட வேண்டும். கையில் கிடைத்தது என்று சானிட்டைசரை ஊற்றக்கூடாது. அதில் தண்ணீரும், சருமம் வறளாமலிருக்கச் சேர்க்கும் கிளிசரினும் உண்டு. அந்தப் பிசுக்கில் புழுதி இன்னும் நன்றாக ஒட்டும். பெயிண்ட் தின்னர் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும்.

துடைத்தும் எண் நிற்கவில்லை என்றால் கரித்தடமே அரிக்கப்பட்டுவிட்டது. மூன்று கால்களிலும் ஈயத்தை உருக்கி எடுத்து, அதே மதிப்புள்ள புதிய பாட்டைப் பற்றவைக்க வேண்டும். மல்டிமீட்டரை இரண்டு ஓரக் கால்களில் வைத்தால் மொத்த மின்தடை தெரியும். ஐந்து கிலோ ஓம் என்பது பரவலான மதிப்பு. நடுக்காலுக்கும் ஓரக்காலுக்கும் இடையே வைத்து மெதுவாகத் திருப்பும்போது எண் சீராக ஏறினால் பாட் நல்லது. ஓரிடத்தில் குதித்தால் நோய் அங்கேதான். பழைய பாட்டிலும் இதே சோதனையைச் செய்துபார்ப்பது நல்லது. மாற்றியது தேவைதானா என்பதற்கு அதைவிடச் சாட்சி வேறில்லை.

உரசலே இல்லாமல் அளக்க முடிந்தால் தேய்மானமே இருக்காதே என்ற யோசனைக்கு விடை நூறாண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. 1879இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த எட்வின் ஹால், கண்ணாடித் தகட்டில் ஒட்டிய மெல்லிய தங்க ஏட்டில் மின்சாரம் பாய்ச்சி, அதைக் காந்தத்தின் நடுவே வைத்தார். மின்னோட்டத்துக்குக் குறுக்கே மிகச் சிறிய மின்னழுத்தம் தோன்றியது. காந்தம் மின்னோட்டத்தை ஒரு பக்கமாக ஒதுக்குகிறது என்பதற்கு அது சான்று. எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்படுவதற்குப் பதினெட்டு ஆண்டுகள் முன்னால் நடந்தது இது. ஸ்டிக்கின் அச்சில் ஒரு குட்டிக் காந்தம், எதிரே ஒரு ஹால் உணரி என்று வைத்தால் காந்தம் திரும்பும் கோணத்துக்கு ஏற்ப மின்னழுத்தம் மாறும். ஒன்றையொன்று தொடவே தொடாது. விலை கூடிய ரிமோட்டுகளில் இப்போது இதுதான். உங்கள் ரிமோட்டில் இருப்பது எது என்று மூடியைத் திறக்காமலே அறியலாம்: வலுவான காந்தம் ஒன்றை ஸ்டிக்கின் அருகே கொண்டுவரும்போது திரையில் எண் நகர்ந்தால் அது ஹால் வகை.

எட்டாத பாதி ரேடியோ.

பெரும்பாலான ட்ரோன் ரிமோட்டுகள் வைஃபையும் புளூடூத்தும் குடியிருக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைப்பட்டையில் பேசுகின்றன. இத்தனை கூச்சலுக்கு நடுவே ட்ரோனுக்குத் தன் ரிமோட்டின் குரல் மட்டும் எப்படிக் கேட்கிறது? வாரச்சந்தையில் இரண்டு பேர் ரகசியமாகப் பேச வேண்டும் என்றால், எந்த நொடியில் எந்தக் கடை ஓரம் நிற்பது என்று முன்கூட்டியே ஒரு பட்டியல் போட்டுக்கொண்டு, ஒரு கடையில் ஒரு சொல், அடுத்த கடையில் அடுத்த சொல் என்று நகர்ந்துகொண்டே பேசலாம். ஏதாவது ஒரு கடையில் இரைச்சல் அதிகமென்றால் ஒரு சொல்தான் தொலையும். ரிமோட்டும் ஏற்பியும் நொடிக்குப் பலமுறை இப்படி அலைவரிசை தாவுகின்றன. புதிய ரிமோட்டை ட்ரோனோடு ‘பைண்ட்’ செய்கிறார்களே, அது இந்தப் பட்டியலைப் பகிர்ந்துகொள்ளும் சடங்கு. அலைவரிசைத் தாவலுக்கு 1942இல் காப்புரிமை பெற்ற இருவரில் ஒருவர் ஹாலிவுட் நடிகை ஹெடி லமார், மற்றவர் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தைல். நீர்மூழ்கிக் குண்டை எதிரி திசைதிருப்பிவிடாமல் காப்பது அவர்கள் நோக்கம். தானியங்கிப் பியானோவின் துளையிட்ட காகிதச் சுருளை மாதிரியாக வைத்து 88 அலைவரிசைகள் வரை யோசித்திருந்தார்கள்.

இந்த அலையின் நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர். ஆன்டெனாவின் வேலை செய்யும் பகுதி அதில் கால்பங்கு, சுமார் 31 மில்லிமீட்டர். ரிமோட் தலையில் நிற்கும் நீண்ட பிளாஸ்டிக் குச்சிக்குள் இருப்பது அந்தச் சிறு கம்பிதான்; மீதி வெறும் உறை. அந்தக் கம்பி, பலகையில் சில மில்லிமீட்டர் அகலமே உள்ள ஓர் அழுத்துப் பொத்தானில் மாட்டியிருக்கிறது. பாட் மாற்றுவதற்காகப் பலகையைத் தூக்கும்போது அது கழன்றுகொள்வது வாடிக்கை. இதில் ஒரு கண்ணி ஒளிந்திருக்கிறது. ரேடியோ அலையின் வலு தூரத்தின் வர்க்கத்தில் குறைகிறது: தூரம் இரட்டித்தால் வலு நாலில் ஒன்று. திருப்பிச் சொன்னால், ஆன்டெனா கழன்று வலு நூறில் ஒரு பங்காகச் சரிந்தாலும், ஒரு கிலோமீட்டர் எட்டிய ரிமோட் நூறு மீட்டருக்கு எட்டும். மேசையில் வைத்துச் சோதித்தால் எல்லாம் கச்சிதமாக வேலை செய்யும். வயலின் கோடியில் கைவிட்டுவிடும். போதாக்குறைக்கு, ஆன்டெனா இல்லாமல் இயக்கும்போது வெளியேற வழியில்லாத ஆற்றல் திரும்பி வந்து ரேடியோவின் பெருக்கியையே பொசுக்கக்கூடும்.

அறுந்த ஆன்டெனாவை மாற்றலாம். அதே நீளம், அதே பொத்தான். அதற்கு அப்பால், தகரக் கவசத்துக்குள் மூடியிருக்கும் ரேடியோத் தொகுதியில் கைவைப்பது வேறு விஷயம். அதை அளக்க மல்டிமீட்டர் போதாது, லட்சங்களில் விலையுள்ள அலைப்பகுப்பி வேண்டும். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் வகை ஒப்புதல் பெற்ற வானொலிக் கருவி அது. தொகுதியை மாற்ற வேண்டுமென்றால் அதே தயாரிப்பை முழுதாக வாங்கி வைப்பதே முறை.

வேலை முடிந்ததும் விசிறி இல்லாமலே இரண்டு சோதனைகள் பாக்கி. முதலாவது தூரச் சோதனை. பல ரிமோட்டுகளில் அலைவலுவை வேண்டுமென்றே பல மடங்கு குறைக்கும் ஒரு வசதி உண்டு. அதைப் போட்டுவிட்டு முப்பது அடிவைப்பு நடந்தும் இணைப்பு அறாமலிருந்தால் ஆன்டெனா சரி. நடக்கும்போது குச்சியின் நுனியை ட்ரோனை நோக்கி நீட்டக்கூடாது, ஏனென்றால் நுனித் திசையில்தான் அலை மிகக் குறைவாகப் பரவும். அகலவாட்டில் காட்ட வேண்டும். இரண்டாவது, ரிமோட்டை அணைத்துவிட்டு ட்ரோன் என்ன நினைக்கிறது என்று பார்ப்பது. இணைப்பு போனால் நின்ற இடத்தில் நிற்பதா, கிளம்பிய இடத்துக்குத் திரும்புவதா, இறங்குவதா என்ற ஏற்பாடு பல வகைகளில் ஏற்பிக்குள் பதிவாகியிருக்கும். மறுபடி ‘பைண்ட்’ செய்யும்போது அது அழிந்து, கடைசியாக வந்த கட்டளையையே தொடர்ந்து நிறைவேற்றும் நிலைக்கு மாறிவிடுவதும் உண்டு. அப்படி மாறியிருந்தால் ரிமோட்டை அணைத்த பிறகும் ட்ரோனின் பறத்தல் கணினியோடு இணைத்த திரையில் எண்கள் பழைய இடத்திலேயே நிற்கும். அதைக் கண்டால், விசிறிகளை மாட்டும் முன் அந்த ஏற்பாட்டை மறுபடி பதிய வேண்டும்.